அழுத்தித் திருகவும்

எங்கள் பள்ளிச் சுவரோரம் பல வருடமாகச் சாவி செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை, இருமல் மருந்துப் புட்டியின் மூடியை வைத்து நான் துரத்திவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது. நான் திட்டம் போட்டுச் செய்த காரியம் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்குக் குடிமையியல் எடுப்பவன். நெடுநாள் வரைக்கும் பாடத்தை வாசித்துக் குறிப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எழுதுவார்கள், நான் சொல்வேன், நடுவில் யார் முதலில் தூங்குவது என்று ஒரு போட்டி நடக்கும். பல நாள் நானே ஜெயித்திருக்கிறேன். பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், மூல ஆவணங்களை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று கற்றுக்கொண்டு வந்தேன். புத்தகம் சொல்வதை நம்பாதே, காகிதத்தையே கையில் எடு. அதனிடம் நான்கு கேள்வி கேள்: யார் எழுதியது, யாருக்காக எழுதியது, எப்போது எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது. பழைய வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், நகராட்சிக் கூட்டக் குறிப்பு என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுபோனேன். வகுப்பில் யாரும் தூங்கவில்லை. நானும்தான்.

ஆசை சும்மா விடுமா. உண்மையான ஆவணத்தைப் படிக்கத் தெரிந்தால் போதுமா, போலியைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டாமா என்று தோன்றியது. ஒரு புதன்கிழமை மாலை, ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து ஒரு அறிவிப்பைத் தயாரித்தேன். 'நகர நடைபாதை ஒழுங்கு வாரியம்' என்று தலைப்பு. அப்படி ஒரு வாரியம் இந்த உலகத்தில் கிடையாது. 'பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டித் தொழில் செய்வோர் எவராயினும் வரும் 12ஆம் தேதி சனிக்கிழமைக்குள் அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். தவறினால் பொருட்கள் அப்புறப்படுத்தப்படும்.' கீழே கையெழுத்திட்டவர் 'துணை இணை உதவி அலுவலர்'. மேற்கோள் காட்டிய விதி, புகைபோக்கியின் உயரம் பற்றியது. கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதி அந்தச் சனிக்கிழமைக்கும் அடுத்த வாரம். வட்ட முத்திரைக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, மேசை இழுப்பறையில் இருமல் மருந்து இருந்தது. மூடியை மைத்திண்டில் அழுத்திக் காகிதத்தில் பதித்தேன். அசல் அரசாங்கம் தோற்றது.

எதற்கு எங்கள் சுவரைத் தேர்ந்தெடுத்தேன் என்றால், பக்கத்தில் நடக்கிற விஷயமாக இருந்தால்தான் பிள்ளைகளுக்குச் சூடு பிடிக்கும் என்பது என் கொள்கை. அந்தச் சுவரோரம் ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் வீட்டுச் சாவியை நான் தொலைத்த ஒவ்வொரு தடவையும் அவள்தான் வந்து கதவைத் திறந்திருக்கிறாள். ஆனாலும் எழுதும்போது அவள் ஞாபகமே வரவில்லை. நடை எப்படி வந்திருக்கிறது என்பதிலேயே கண்ணாக இருந்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'இவ்வறிவிப்பைப் பலரும் பார்க்கும் இடத்தில் ஒட்டவும்.' அரசாங்க வாசனைக்காக.

அன்று இரவு பல்வலி உச்சிக்கு ஏறியது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வார இறுதி வரை வீட்டில் கிடந்தேன். திங்கட்கிழமை வந்தால் சுவரோரம் மொட்டையாக இருந்தது. சாவிக்கார அக்காவின் பெட்டி இல்லை, அரத்தின் சத்தம் இல்லை, மரத்தில் தொங்குகிற பெரிய தகரச் சாவி இல்லை. அந்த மர நிழலில் தலைமையாசிரியரின் கார் சொகுசாக நின்றுகொண்டிருந்தது. காருக்குப் பின்னால் சுவரில், என் அறிவிப்பு.

காவலாளியைப் பிடித்து விசாரித்தேன். காகிதம் ஆசிரியர் அறை மேசை மேல் கிடந்ததாம். படித்துப் பார்த்தாராம். ஒட்டச் சொல்லி அதிலேயே போட்டிருந்ததாம், ஒட்டினாராம். "நான் வேற என்ன சார் பண்ணணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நேராகச் சுவரிடம் போய்க் காகிதத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். காவலாளி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அரசாங்க அறிவிப்பைக் கிழித்தால் என்ன ஆகும் தெரியுமா என்று எனக்கு, குடிமையியல் ஆசிரியருக்கு, சட்டம் சொன்னார். மூலை மட்டும் கிழிந்து தொங்கியது. மற்றபடி அவர் காய்ச்சிய பசை, தலைமுறைக்கும் நிற்கும்.

தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். பாடத்துக்காக நான் எழுதியது, தவறுதலாக ஒட்டப்பட்டுவிட்டது, அக்காவைத் திரும்ப உட்காரச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் கார் சாவியை மேசையில் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"நீங்க எழுதினதா? உங்க எழுத்து இவ்வளவு தெளிவா இருக்காதே."

இல்லை ஐயா, நான்தான், என்றேன்.

"இங்க பாருங்க. நீங்க எழுதினதா இருந்தா நான் உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். எனக்கு அதுல விருப்பம் இல்ல. அதனால நீங்க எழுதல. புரியுதா?"

அப்படியானால் அறிவிப்பு செல்லுமா, செல்லாதா என்று கேட்டேன். அது போலி என்று நான் சொல்லவில்லை, அசல் என்றும் சொல்லவில்லை, சுவர் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன் என்றார். அவ்வளவு வழுக்கலான வாக்கியத்தை நான் எந்த ஆவணத்திலும் படித்ததில்லை.

அடுத்தது நகராட்சி அலுவலகம். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு எழுத்தர் இருந்தார். அறிவிப்பைக் கைபேசியில் படம் எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடியைக் கீழே இறக்காமலே பார்த்தார். இது உங்களுடையதா என்றேன். எங்களுடையது இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் இப்படி ஒரு வாரியமே இல்லை என்று எழுதித் தருவீர்களா என்றேன். வந்த உயிர் அப்படியே நின்றது.

"இல்லைன்னு எப்படி சார் எழுதுறது? போன மாசம்கூட ரெண்டு வாரியம் புதுசா வந்துச்சு. இதுவும் வந்திருக்கும். எங்களுக்குக் கடிதம் வரல, அவ்வளவுதான்."

அதை நான்தான் எழுதினேன் என்று அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். வாய் வரைக்கும் வந்தது. பல் பிடுங்கிய இடத்தில் மாட்டிக்கொண்டது.

வீட்டில் வேறு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அந்தப் புதன்கிழமை மாலை இருமல் மருந்துப் புட்டியைப் பைக்குள் போட்டு எடுத்து வந்திருக்கிறேன், மூடி இல்லாமல். பை, பைக்குள் இருந்த விடைத்தாள்கள், அதற்குக் கீழே என் மனைவியின் குடை எல்லாம் இனிப்பாகப் பிசுபிசுத்தன. மூடி எங்கே என்று அவள் கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். எங்கே வைத்தீர்கள் என்றாள். தேடிச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே நெற்றியில் மூக்குக்கண்ணாடி இருப்பதுபோல ஒரு உணர்வு. அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குடையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முடிவில், "மூடி கிடக்கட்டும். போய் அந்த அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

சாவிக்கார அக்காவை இரண்டு நாள் விசாரித்துக் கண்டுபிடித்தேன். பழைய கிடங்குக்குப் பின்னால், ஒரு சந்தில், வெயிலில் உட்கார்ந்திருந்தாள். தகரச் சாவியைத் தொங்கவிட மரம் இல்லாததால் மடியில் வைத்திருந்தாள். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். சாவியைத் தொலைத்தவன் ஊரைச் சுற்றித் தேட மாட்டான், தெரிந்த இடத்துக்குத்தான் ஓடிவருவான், இந்தச் சந்து யாருக்கும் தெரிந்த இடமில்லை என்றாள். இப்படியே இன்னும் ஒரு மாதம் போனால் பெட்டியை மூடிவிட்டுத் தங்கையின் தையல் கடையில் பொத்தான் தைக்கப் போக வேண்டியதுதான் என்றாள். புகார் சொல்கிற குரலில் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

"அக்கா, அந்த நோட்டீஸை எழுதினது நான்தான்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். எனக்கு அடி விழுந்திருந்தாலும் பரவாயில்லை, அந்தச் சிரிப்பில் அவ்வளவு அன்பு இருந்தது.

"உங்க மனசு யாருக்கு சார் வரும். எனக்காகப் பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிறீங்க."

சத்தியமாக நான்தான் என்றேன். நல்லவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். முத்திரை போட்ட காகிதத்தை மீறி உட்கார்ந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அரமும் அச்சும் போனால் நான் என்ன செய்வேன் என்றாள். திரும்பி வருவீர்களா என்று கேட்டேன். பார்ப்போம் சார் என்றாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தேன். அதற்கும் நற்சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

நடந்து வரும்போது முடிவு செய்தேன். என் வாய் வார்த்தை போதாது. சாட்சி வேண்டும். என்னை வகையாக மாட்டிவிடக்கூடிய ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்களை நானே சம்பளம் வாங்கிக்கொண்டு தயார் செய்து வைத்திருந்தேன்.

மறுநாள் வகுப்பைச் சுவருக்கு அழைத்துப் போனேன். மூல ஆவணத்தை அது இருக்கிற இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. காரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தியை எல்லோரும் 'ஆதாரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் ஈரமாக இருக்கும் என்று சொன்னாலும் ஆதாரம் கேட்பாள். பின்வரிசையில் ஒருவன் 'போர்வை', காரணம் சொல்லத் தேவையில்லை. ஆதாரம்தான் முன்னால் வந்து தேதியைப் படித்தாள். காலக்கெடு முடிந்த பிறகு கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றாள். இன்னொருத்தி நூலகத்துக்கு ஓடி விதிப் புத்தகத்தை எடுத்துவந்து, இந்த விதி புகைபோக்கியைப் பற்றியது என்றாள். துணை இணை உதவி என்று மூன்றும் ஒரே ஆளுக்கு எப்படி ஒட்டும் என்று ஒருவன் கேட்டான். நான் வைத்த பொறிகள் எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது.

அப்புறம் நான் வைக்காத பொறிகளுக்கு வந்தார்கள்.

ஆதாரம் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரமாக எழுத்து இருக்கிறது, ஆனால் படிக்க வரவில்லை, இடவலம் மாறித் திரும்பியிருக்கிறது என்றாள். தோழியின் பையிலிருந்து சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கி முத்திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். சத்தமாகப் படித்தாள்.

"அழுத்தித் திருகவும்."

சுவரே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூடியில் எழுத்து இருந்ததை நானே அப்போதுதான் அறிந்தேன். ஊரையே அடக்கிய அதிகார முத்திரை, மருந்தை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சிரிப்பு அடங்குவதற்குள், வெயிலுக்காகச் சுவரோடு ஒட்டி நின்ற போர்வை, கிழிந்து தொங்கிய மூலையைத் திருப்பிப் பார்த்தான்.

"பின்னாடி நம்ம அரையாண்டுக் கேள்வித்தாள் இருக்கு சார். சரியான விடையைத் தேர்ந்தெடு."

காகிதத்தை வீணாக்கக்கூடாது என்று ஒருபக்கத் தாள்களை நான் சேர்த்து வைப்பது பள்ளிக்கே தெரியும். அதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றியிருக்கிறேன். சிரிப்பு நின்றுவிட்டது. யார் எழுதியது என்ற முதல் கேள்வி என் முகத்துக்கு நேராக வந்து நின்றது. ஆதாரம் கண்ணாடியை மூடிவைத்தாள்.

"சார், இதை எழுதினது நீங்களா?"

ஆமாம் என்றேன். எதற்கு எழுதினேன், எப்படிச் சுவருக்கு வந்தது, யாரிடமெல்லாம் போய் என்ன பதில் வாங்கினேன், அக்கா எங்கே இருக்கிறாள் எல்லாவற்றையும் சொன்னேன். காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னதால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். நான்காவது கேள்வியையும் நானே கேட்டுக்கொண்டேன். இந்தக் காகிதம் எதைச் சொல்லாமல் விட்டது? இங்கே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தாள் என்பதை.

அவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக வகுப்புக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். 'சுவரில் உள்ள அறிவிப்பைப் படித்து ஒன்பதாம் வகுப்பு அறிந்தவை' என்று தலைப்பு. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்குக் கீழும் கண்டுபிடித்தவரின் பெயர். போர்வை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெயரை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினான். கடைசி வரி: 'இதை எழுதியவர் எங்கள் குடிமையியல் ஆசிரியர். அவரே ஒப்புக்கொண்டார்.' அதன் கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்கள். தலைமையாசிரியர் சொன்ன 'நடவடிக்கை' என்ற சொல் காதில் ஒலித்தது. வீட்டுக் கடன், மனைவியின் குடை எல்லாம் கண்ணில் வந்து போயின. கையெழுத்தை முழுசாக, தந்தை பெயரோடு போட்டேன்.

ஒட்டுவதற்கு முன்னால் தலைமையாசிரியரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று ஆதாரம் பிடிவாதம் பிடித்தாள். மேசையில் எதை வைத்தாலும் படிக்காமல் ஒப்பமிட்டுவிடுவாரே, சந்தடியில் வாங்கிவிடலாம் என்று ஒருவன் யோசனை சொன்னான். அப்படி வாங்கினால் சாரின் மூடிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் வாயை அடைத்தாள். மாலையில் அவர் காரை எடுக்க வந்தபோது, முழு வகுப்பும் சுவரோரம் நின்றது. அவள் காகிதத்தை நீட்டி, முழுசாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள் சார் என்றாள். படித்தார். முத்திரை வரியில் அவர் மீசை ஒரு தடவை துடித்தது. என் கையெழுத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். நான் குனியவில்லை. குனிந்திருந்தால் பல் பிடுங்கிய இடம் வலித்திருக்கும்.

"இதை யார் ஒட்டச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சார்" என்றாள் ஆதாரம். "அதனாலதான் எங்க எல்லார் பேரையும் போட்டிருக்கோம்."

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் எதையும் பார்க்கவில்லை என்று பொதுவாகச் சுவரிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். காவலாளி தயங்கித் தயங்கி வந்து, பலரும் பார்க்கும் இடத்தில் ஒட்டச் சொல்லி இதில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். போடவில்லை என்றேன். யோசித்தார். பிறகு பசை எடுத்துவந்தார்.

ஒரு பிரதியையும் இழுப்பறையிலேயே கிடந்த மருந்து மூடியையும் மைத்திண்டையும் அந்தச் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கிடங்குச் சந்துக்குப் போனோம். அத்தனை பேரை ஒன்றாகப் பார்த்ததும் சாவிக்கார அக்கா எழுந்துவிட்டாள். ஊரில் ஒரேயடியாக இத்தனை பேர் சாவியைத் தொலைத்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆதாரம் பெட்டி மேலேயே காகிதத்தை விரித்து, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். போர்வை மூடியை மையில் அழுத்தி, வெற்றுத்தாளில் ஒரு முத்திரை போட்டான். கண்ணாடியைப் பிடித்தான். அக்கா குனிந்து படித்தாள். நாங்கள் சிரித்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை. மூடியைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு காகிதத்தின் அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டி, இது யாருடையது என்றாள்.

"என்னோடது" என்றேன்.

"அப்ப அன்னைக்கு நீங்க சொன்னது நெசம்தான்."

"நெசம்தான் அக்கா."

அவள் உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த ஒரு சாவியை எடுத்து அரத்தால் தேய்க்க ஆரம்பித்தாள். மன்னிப்புக் கேட்டேன். தேய்த்தாள். காலையில் சுவரோரம் இந்த வகுப்பு முழுக்க நிற்கும், பெட்டியில் யாராவது கை வைத்தால் என் பெயரைத்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கும், அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றேன். தேய்த்தாள். கடைசியில், முதல் தடவை வந்தபோது கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டேன்.

"திரும்பி வருவீங்களா அக்கா? பார்ப்போம்னு மட்டும் சொல்லாதீங்க."

அவள் சாவியிலிருந்த தூளை ஊதினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பெட்டியில் போட்டாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பழைய அன்பான சிரிப்பு இல்லை.

"வரேன் சார். நாளைக்குக் காலையில, முதல் மணி அடிக்கிறதுக்கு முன்னாடி. அந்தக் கார் அங்க நின்னா, பூட்டைத் திறந்து தள்ளி விட்டுட்டு உக்காருவேன், எனக்கு அது ஒரு வேலையே இல்ல. உங்க மேல கோபம் இருக்கு, நிறையவே இருக்கு. அது போக நாளாகும். ஆனா வரேன்."